ஃபைபர் பாடியோட உள்பக்கம்: ஒரு சிபானி டால்ஃபினுக்கு செஞ்ச ஃபினிஷிங் வேலை, முழு விவரம்

வண்டி ஒரு சிபானி டால்ஃபின். பெங்களூர் சிபானி கம்பெனி 1982ல விட்டது, இங்கிலாந்து ரிலையன்ட்காரங்களோட கிட்டன் வண்டியத்தான் இங்க டால்ஃபின்னு பேர் போட்டு செஞ்சாங்க, 848 சிசி அலுமினிய என்ஜின், ரெண்டு கதவு, பின்வீல் டிரைவ், பாடி மொத்தமும் ஃபைபர், அதாவது கண்ணாடி நாரை ரெசின்ங்கற பிசின்ல உறைய வெச்சது. எடை ரொம்ப கம்மி, அதனாலயே சோழவரம் ரேஸுலயும் ராலியிலயும் இத ஆசையா எடுத்து ஓட்டினாங்க. இப்ப ரோட்டுல பார்க்கறதே அபூர்வம், பானட்டோ கதவோ எந்தக் கடையிலயும் கிடைக்காது, இருக்கற பேனலைக் காப்பாத்திக்கறதுதான் ஒரே வழி. அதனாலதான் இவ்வளவு விவரமா எழுதறேன், டால்ஃபின்காரங்களுக்கு மட்டும்னு இல்ல, சிபானியோட இன்னொரு ஃபைபர் வண்டியான மான்டானா வெச்சிருக்கறவங்க, ஜீப்புக்கு ஃபைபர் பானட் போட்டவங்க, ரேஸ் வண்டி பாடி பார்க்கறவங்க எல்லாருக்கும் இதுல வேலை இருக்கு.

வண்டிக்காரர் நம்மகிட்ட வந்தது வெளிப்பக்க பெயிண்ட் கம்ப்ளெய்ன்ட்டோட. உள்பக்கத்தப் பத்தி அவர் ஒரு வார்த்தை பேசல. அவர் சொன்னது மூணு விஷயம். ஒண்ணு, வேற ஒரு இடத்துல புதுசா பெயிண்ட் அடிச்ச பானட்ல வெயில் சாய்வா விழறப்போ கோரைப்பாய் பின்னல் போல ஒரு டிசைன் தெரியுது, பாலிஷ் போட்டாலும் ரெண்டு வாரத்துல மறுபடி வருது. ரெண்டாவது, முன்பக்க மட்கார்டு ரெண்டுலயும் சின்னச் சின்னதா நட்சத்திர வடிவத்துல விரிசல், பட்டி வெச்சு மூடினாலும் அதே இடத்துல திரும்ப விடுது. மூணாவது, இடதுகை கதவு கீலுக்குப் பக்கத்துல பெயிண்ட் கொப்புளிச்சு நிக்குது, கதவும் லேசா தொங்குது. "ஏனுங்க, பெயிண்ட் மட்டமான பெயிண்ட்டுங்களா?"ன்னு கேட்டாரு. பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான். மூணு கம்ப்ளெய்ன்ட்டுக்கும் காரணம் பேனலுக்கு அந்தப்பக்கம் இருந்துச்சு.

இத ஏத்துக்க வைக்கறதுதான் கஷ்டம். "உள்ள யாருண்ணா பார்க்கப் போறாங்க"ன்னு பெயிண்டர் சொல்லுவாரு, வண்டிக்காரரும் தலையாட்டுவாரு. இரும்பு பாடில உள்பக்கம் துரு பிடிச்சா ஓட்டை விழுந்து கண்ணுக்குத் தெரிஞ்சிடும், ஃபைபர்ல அப்படித் தெரியாது, பல வருஷம் சத்தமில்லாம தண்ணியும் ஆயிலும் குடிச்சுக்கிட்டே இருக்கும், தெரியறப்போ வெளிப்பக்க பெயிண்ட் வழியாத்தான் தெரியும்.

உள்பக்கம் ஏன் அப்படி இருக்கு

கையால போடற ஃபைபர் வேலையில மோல்டு ஒரு பக்கம்தான். மோல்டுக்கு மெழுகு தேய்ச்சு, ஜெல்கோட் (வெளித்தோலா நிக்கற நார் இல்லாத கலர் ரெசின்) அடிச்சு, அதுமேல மேட்டு (கண்ணாடி நார் விரிப்பு) வெச்சு ரெசின் ஊத்தி ரோலர் ஓட்டறோம். மோல்டைத் தொடற பக்கம் கண்ணாடியா வரும், அதுதான் வண்டியோட வெளிப்பக்கம். மறுபக்கம் காத்தப் பார்த்துக்கிட்டு காயற பக்கம், அதுல மேட்டோட நார் அப்படியே தூக்கிட்டு நிக்கும், ரோலர் விட்டுப்போன இடத்துல காத்துக்குமிழி இருக்கும், மூலைகள்ல மேட்டு மடங்காம பாலம் கட்டினாப்புல நின்னு உள்ள வெற்றிடம் இருக்கும்.

ரெண்டு பக்கமும் வழவழப்பா வேணும்னா ரெண்டு பக்கமும் மோல்டு வேணும். செவ்ரோலே கார்வெட் 1953ல முதல் முதலா வந்தப்போ அந்த வருஷம் மொத்தம் 300 வண்டிதான், கையால செஞ்சது. அதுக்கப்புறம் இரும்பு டை ரெண்டுக்கு நடுவுல வெச்சு அமுக்கி பேனல் எடுக்க ஆரம்பிச்சாங்க, அதுல உள்பக்கமும் சீரா வரும். இன்னிக்கும் அமெரிக்காவுல பழைய கார்வெட் வாங்கறவங்க பானட்டைத் தூக்கி அடிப்பக்கத்தத்தான் முதல்ல தடவிப் பார்ப்பாங்க, நார் தெரிஞ்சா அது பின்னாடி யாரோ கையால செஞ்சு மாட்டினதுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. லோட்டஸ்காரங்க 1974 எலீட்ல ரெண்டு மோல்டுக்கு நடுவுல வாக்யூம் வெச்சு ரெசினை இழுக்கற முறைய கொண்டு வந்தாங்க. நம்ம டால்ஃபின் பேனல்ல அதெல்லாம் இல்ல, சுத்தமான கைவேலை, உள்ள மேட்டு மேல எந்தப் பூச்சும் இல்லாம பச்சையா இருந்துச்சு.

பச்சையா இருக்கறதுல என்ன தப்புன்னா, பாலியெஸ்டர் ரெசினுக்கு காத்து ஆகாது. காத்துல இருக்கற ஆக்சிஜன் மேல்தோல் காயறதத் தடுக்கும், அதனால மெழுகு கலக்காத லேமினேட்டிங் ரெசின் போட்டா மேல ஒட்டற மாதிரியே இருக்கும். ஒரு லேயர் மேல இன்னொரு லேயர் போடறப்போ அது நல்லது, பிடிப்பு கிடைக்கும். ஆனா கடைசி லேயரையும் அப்படியே விட்டா அந்தத் தோல் சரியா காயாம, தூசியும் ஈரமும் பிடிச்சு, வருஷம் போகப் போக உதிர்ந்து நார் வெளிய வரும். வெளிய வந்த ஒவ்வொரு நாரும் தண்ணிய உள்ள இழுக்கும். என்ஜினுக்கு மேல இருக்கற பானட்னா ஆயில் ஆவிய இழுக்கும், ஆயில் குடிச்ச கண்ணாடி நார் விளக்குத்திரி மாதிரி, என்ஜின் ரூம்ல ஒரு பொறி பட்டாப் போதும். பாலியெஸ்டர் நல்லாவே எரியற சாமான்ங்கறத மறக்கக் கூடாது.

அதனால எங்க தீர்மானம் ஆரம்பத்துலயே ஒண்ணுதான்: உள்பக்க ஃபினிஷிங்னா நாரை மூடறது. வழவழப்பு வந்தா சந்தோஷம், ஆனா வழவழப்புக்காக கனம் ஏத்தக் கூடாது. இந்த வண்டியில முன்னாடி நடந்தது அதுக்கு நேர் எதிர்.

பிரிச்சுப் பார்த்ததுல என்ன தெரிஞ்சுது

பானட்டைக் கழட்டறப்பவே கைக்குத் தெரிஞ்சுது, இந்த சைஸுக்கு இவ்வளவு கனம் இருக்கவே கூடாது. முன்னாடி யாரோ உள்பக்கம் மேடு பள்ளம் தெரியக் கூடாதுன்னு ரெசினை மொத்தமா ஊத்தி, அதுமேல பட்டி இழுத்து, தேய்ச்சு, கறுப்பு பெயிண்ட் அடிச்சிருக்காங்க. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு, அத மறுக்கல. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, பாடி பட்டி ஒரு லிட்டர் சுமார் 1.8 கிலோ வரும், 3 மில்லி கனத்துக்கு 1 சதுர மீட்டர் இழுத்தா 5 கிலோவுக்கு மேல. அதே 1 சதுர மீட்டருக்கு 0.4 மில்லி கனத்துல ஃப்ளோகோட் (மெழுகு கலந்த ஜெல்கோட், பின்னாடி விவரமா சொல்றேன்) போட்டா அரைக்கிலோ. கனம்கூட அப்புறம், பெரிய பிரச்சனை சுருக்கம். பாலியெஸ்டர் ரெசின் காயறப்போ கொள்ளளவுல 5லருந்து 8 சதவீதம் வரைக்கும் சுருங்கும், அதுவும் ஒரே நாள்ல முடியாது, பானட் மேல வெயிலும் கீழ என்ஜின் சூடும் பட பட கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிக்கிட்டே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கனமா நார் இல்லாத ரெசின் இருந்தா அது சுருங்கறப்போ பேனலை இழுக்கும், நார் இருக்கற இடம் நிக்கும், நார் இல்லாத இடம் இறங்கும், அந்தப் பள்ளம் மேடுதான் வெளிப்பக்கம் பாய் டிசைனாத் தெரிஞ்சுது. வெளிய எத்தனை தடவை பாலிஷ் போட்டாலும் அது திரும்ப வந்ததுக்குக் காரணம் இதுதான்.

மட்கார்டு உள்பக்கம் வீல் பார்க்கற இடத்துல எந்த கோட்டிங்கும் இல்ல, காஞ்ச சேறு மட்டும். டயர் தூக்கி எறியற கல்லு பின்னாடியிருந்து குத்தறப்போ லேமினேட் (நாரும் ரெசினும் சேர்ந்து உறைஞ்ச தகடு) ஒரு நொடி வளைஞ்சு திரும்பிடும், வெளிய இருக்கற ஜெல்கோட்டுக்கு அந்த வளைவு தாங்காது, அது நட்சத்திரமா விடும். நட்சத்திர விரிசலோட நடுப்புள்ளிக்கு நேர் பின்னாடி பார்த்தா கல்லு பட்ட தடம் வெள்ளையா இருக்கும், எல்லா இடத்துலயும் இருந்துச்சு. வெளிய பட்டி வெச்சு மூடினது ஏன் நிக்கலன்னு இதுக்கு மேல விளக்கவே வேணாம்.

கதவுதான் மோசம். கீல் போல்ட்டுக்கு பலம் குடுக்க லேமினேட்டுக்குள்ள ஒரு இரும்பு பிளேட் வெச்சு மேல மேட்டு போட்டு மூடியிருந்துச்சு. கண்ணாடி இறங்கற சந்துல வர்ற மழைத்தண்ணி கதவுக்குள்ள விழுந்து அடியில இருக்கற ஓட்டை வழியா வெளிய போகணும், அந்த ஓட்டைங்கள முன்னாடி பட்டி வெச்சவங்க அதோட சேர்த்து அடைச்சிட்டாங்க. தண்ணி தேங்கி, பச்சை நார் வழியா ஏறி, பிளேட்டைத் தொட்டு, துரு பிடிச்சு உப்பி, லேமினேட்டைப் பிளந்து வெளிப்பக்கம் தள்ளியிருக்கு. கொப்புளம்னு வண்டிக்காரர் காட்டினது துருவோட மேடு.

தட்டிப் பார்க்கறதுக்கு ஒரு ரூபா காசு போதும், நல்ல லேமினேட் டிக்குன்னு கேட்கும், லேயர் விட்டுப்போன இடம் பொதக்குன்னு கேட்கும், அந்த இடங்கள சாக்பீஸ்ல வட்டம் போட்டுக்கிட்டே போனோம். ரெசின் காஞ்சிருக்கான்னு பார்க்க வெள்ளைத்துணியில அசிட்டோன் நனைச்சு தேய்க்கணும், ஒட்டினாலோ மெழுகா இளகினாலோ அது காயாத ரெசின், சுரண்டித்தான் ஆகணும். பெரிய கடைகள்ல பார்கால் மீட்டர் வெச்சு கடினத்தை அளப்பாங்க, நல்லா காஞ்ச பாலியெஸ்டர் லேமினேட்னா 40 பக்கம் காட்டும். ஈரத்துக்கு எங்க முறை சுலபம், பாலிதீன் ஷீட்டை பேனல் மேல வெச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி வெயில்ல வைக்கறது, உள்ள வேர்த்தா ஈரம் இருக்குன்னு அர்த்தம். கதவுல ஷீட் நல்லாவே வேர்த்துச்சு. வேர்க்கறது நிக்கற வரைக்கும் கதவைத் தொடவே இல்ல, தினமும் வெயில்ல காயவெச்சு, மழை வந்தா உள்ள எடுத்து மஞ்ச பல்பு போட்டு வெச்சோம். இந்த இடத்துல அவசரப்பட்டா மேல என்ன போட்டாலும் வீண், ஈரத்த உள்ள வெச்சுப் பூட்டினாப்புல ஆயிடும்.

என்னென்ன வழி இருந்துச்சு

வண்டிக்காரர் முதல்ல கேட்டது பஸ் அடியில அடிக்கற தார் கோட்டிங். விலை கம்மி, தண்ணி உள்ள விடாது, அது உண்மைதான். ஆனா ஒரு தடவை தார் ஏறின ஃபைபர்ல அப்புறம் எந்த ரிப்பேரும் நிக்காது, புது ரெசின் ஒட்டாது, தின்னர் போட்டுக் கழுவினா தார் கரைஞ்சு நாருக்குள்ள இன்னும் ஆழமா இறங்கும், மேல பெயிண்ட் அடிச்சா பழுப்பா கசியும். பாகம் கிடைக்காத வண்டிக்கு, பின்னாடி ரிப்பேர் பண்ற வழிய அடைக்கற எந்த வேலையும் செய்யக் கூடாதுன்னு நான் பிடிவாதமா இருந்தேன். கார்பெட் ஒட்டறதும் வேணாம்னு சொல்லிட்டோம், அது ஈரத்தப் பிடிச்சு வெச்சுக்கும், கீழ என்ன நடக்குதுன்னு தெரியாது.

இன்னொரு வழி நேரா எபாக்ஸி பிரைமரும் டூ-கே பெயிண்ட்டும் (ஹார்டனர் கலந்து அடிக்கறது). மெல்லிசு, கெட்டி, பார்க்கவும் நல்லா இருக்கும், ஆனா பச்சை மேட்டு மேல நேரா அடிச்சா குழிகளும் ஊசி ஓட்டைகளும் மூடாது, பெயிண்ட் பாலம் கட்டாது. ஆக அது மேல் பூச்சுக்கு சரி, அடிப்படைக்கு ஆகாது. உள்ளுக்கு தனியா ஒரு ஸ்கின் மோல்டு பண்ணி ஒட்டறது, இப்ப வர்ற ஃபைபர் பானட்ல எல்லாம் செய்யறது, ரொம்ப நேர்த்தியான வழி, ஆனா ஒரு வண்டிக்காக மோல்டு செய்யணும், பழைய பேனலோட அசல் உருவமும் மறைஞ்சிடும்.

நாங்க எடுத்தது: பழைய கனத்த முழுசா இறக்கறது, நார் தெரியற இடத்துல 30 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 30 கிராம்) சர்ஃபேஸ் டிஷ்யூ, அதாவது மெல்லிசு கண்ணாடி நார் விரிப்பு ஒண்ணு ரெசின்ல படிய வைக்கறது, அது ஒட்டற பதத்துல இருக்கறப்பவே மேல ஃப்ளோகோட். ஃப்ளோகோட்னா வேற ஒண்ணும் இல்ல, ஜெல்கோட்ல மெழுகுக் கரைசல் கலந்தது. அந்த மெழுகு காயறப்போ மேல மிதந்து வந்து ஒரு படலமா நின்னு காத்த மறைக்கும், அதனால மேல்தோல் ஒட்டாம முழுசா காயும். மட்கார்டு உள்பக்கத்துக்கு மட்டும் அதுக்கு மேல கல்லடி தாங்கற ரப்பர் பூச்சான ஸ்டோன்கார்டு. கதவுல, வண்டிக்குள்ள உட்கார்றவங்க கண்ணுக்குப் படற ஓரங்களுக்கு டூ-கே பெயிண்ட்.

வேலை

முதல் வேலை கழுவறது. கிரைண்டரை எடுக்கறதுக்கு முன்னாடி கழுவணும், இத எங்க பசங்களுக்கு திரும்பத் திரும்ப சொல்லுவேன், ஆயில் இருக்கற மேல தேய்ச்சா வட்டத்தாள் அந்த ஆயிலை கீறல் கீறலா உள்ள தேய்ச்சு விட்டுடும். டீகிரீசர், சூடு தண்ணி, பிரஷ், அப்புறம் நல்லா காய வெச்சு அசிட்டோன் துணி, துணி வெள்ளையா வர்ற வரைக்கும். கார்பரேட்டருக்கு மேல ஒரு உள்ளங்கை அளவு இடத்துல துணி மஞ்சளாவே வந்துக்கிட்டு இருந்துச்சு, அந்த இடத்துல ஆயில் ஆழமா இறங்கிடுச்சு, அத நல்ல லேமினேட் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு புது மேட்டு போட வேண்டியதா ஆச்சு.

பட்டி இறக்கறதுக்கு 40 நம்பர் வட்டத்தாள். இங்க ஒரு நிதானம் வேணும், பட்டி கலர் போயி ரெசின் கலர் வந்து நார் லேசா மின்ன ஆரம்பிச்ச உடனே கைய எடுத்துடணும். நார்தான் பலம், அத அறுத்துட்டா அப்புறம் எவ்வளவு ரெசின் ஊத்தினாலும் அந்த பலம் வராது. பானட்டை தலைகீழா வெச்சு தேய்க்கறப்போ அதோட வளைவுக்கு ஏத்த மாதிரி பிளைவுட்ல ஒரு தொட்டில் செஞ்சு, ஸ்பான்ஜ் ஒட்டி, அதுல உட்கார வெச்சோம். தரையில வெச்சா நாலு மூலையில மட்டும் தாங்கி பேனல் முறுக்கும், முறுக்கின நிலையில புது ரெசின் காஞ்சா அந்த முறுக்கு நிரந்தரம், அப்புறம் பானட் ஓரத்து இடைவெளி எந்த ஜென்மத்துலயும் சீரா சேராது.

தூசி பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். கண்ணாடித் தூசி அரிக்கும்னு எல்லாருக்கும் தெரியும், முழுக்கை சட்டை போட்டு முடிஞ்ச உடனே பச்சைத் தண்ணியில குளிச்சா அரிப்பு அடங்கிடும், ஆனா நுரையீரலுக்கு அப்படி ஒரு குளியல் இல்ல. கர்ச்சீப் கட்டிக்கிட்டு கிரைண்டர் பிடிக்கற பசங்கள இன்னும் பார்க்கறேன், மனசு பதைக்குது. நல்ல மாஸ்க், தூசி உறிஞ்சற வாக்யூம், முடிஞ்ச இடத்துல தண்ணி விட்டுத் தேய்க்கறது. ரெசின் வேலைக்கு தூசி மாஸ்க் பத்தாது, ரெசின்லருந்து வர்ற ஸ்டைரீன் ஆவிக்கு கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேணும். ரெசினைக் காய வைக்கற கேட்டலிஸ்ட், அதாவது எம்இகேபி, கண்ணுல ஒரு சொட்டு பட்டாலும் பார்வையே போகலாம், கண்ணாடி போடாம பாட்டிலைத் திறக்க விடமாட்டேன். காயறத வேகப்படுத்தற கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் எந்தக் காரணத்துக்கும் நேரா கலக்கக் கூடாது, கொதிச்சு வெடிக்கும். கோபால்ட்டை ரெசின்ல முதல்ல கலந்து நல்லா கலக்கி முடிச்சதுக்கு அப்புறம்தான் கேட்டலிஸ்ட், ரெண்டுக்கும் தனித்தனி அளவுக் குப்பி, தனித்தனி அலமாரி.

தேய்ச்சு முடிச்ச மூலைகள்ல இருந்த பாலங்கள உடைச்சு, ரெசின்ல அதக் கெட்டியாக்கற ஏரோசில் பவுடரும் பொடி நாரும் கலந்து கூழாக்கி, விரல் வளைவுக்கு மூலைய ரவுண்டா ஆக்கினோம். மேட்டுக்கோ டிஷ்யூவுக்கோ கூர் மூலை பிடிக்காது, ரவுண்டா இருந்தாத்தான் படியும். பானட் விலாக் கம்பி ஓரம் முழுக்க இந்த வேலைதான் நேரம் தின்னுச்சு, ஆனா கடைசியில பார்க்கறப்போ உள்பக்கத்துக்கு ஒரு கம்பெனி ஃபினிஷ் குடுத்ததே இந்த மூலைங்கதான்.

அப்புறம் ரெசின். என்ஜின் சூடு, பெட்ரோல் ஆவி, மழை மூணும் இருக்கறதால சாதா ரெசின் வேணாம்னு, இதையெல்லாம் கூடுதலா தாங்கற ஐசோ ரெசினும் ஐசோ ஜெல்கோட்டும் எடுத்தோம். ஒரு கோட் ரெசினை பிரஷ்ல தேய்ச்சு, டிஷ்யூவ மேல விரிச்சு, ரோலரால அமுக்கினா டிஷ்யூ ரெசினைக் கீழயிருந்து குடிச்சு கண்ணாடியா ஆயிடும். வெள்ளையா நிக்கற இடம் காத்து, அங்க மட்டும் பிரஷ் நுனியால குத்தணும். டிஷ்யூவோட வேலை என்னன்னா தடிச்ச நாரை அமுக்கி வெச்சு, மேல ரெசின் மட்டும் தேங்கற ஒரு மெல்லிசு தோலைக் குடுக்கறது. இந்த டிஷ்யூ இல்லாம ஃப்ளோகோட் மட்டும் போட்டா நார் நுனி அங்கங்க முள்ளா துருத்தும், கை வெச்சா குத்தும்.

விரல் வெச்சா ஒட்டணும், ஆனா விரல்ல வரக் கூடாது, அந்தப் பதத்துல ஃப்ளோகோட். கிரே கலர் வேணும்னு கேட்டு வாங்கி கலந்தோம், கறுப்புல விரிசல் தெரியாது, வெள்ளையில ஆயில் கறை பார்க்க சகிக்காது, கிரேல ரெண்டும் கண்ணுக்குத் தெரியும், பின்னாடி வண்டிய செக் பண்றவங்களுக்கு அது உதவி. மெழுகுக் கரைசல் 100க்கு 3 பங்கு, கேட்டலிஸ்ட் 1 கிலோவுக்கு 15 கிராம். வெயில் அதிகம்னு கேட்டலிஸ்ட்டை 1 சதவீதத்துக்கு கீழ குறைக்கறவங்க இருக்காங்க, அப்படிப் பண்ணா மெதுவா காயும்னு நினைப்பாங்க, ஆனா அது முழுசா காயவே காயாது. குறைக்கணும்னா ஒரு தடவைக்கு கலக்கற ஃப்ளோகோட் அளவைத்தான் குறைக்கணும், அரைக்கிலோ கலந்து போட்டு முடிச்சுட்டு அடுத்த அரைக்கிலோ.

போடறது காலையில, நிழல்ல, ஃபேன் இல்லாம. வெயில்ல சூடான பேனல்ல போட்டா மெழுகு உருகியே நிக்கும், படலம் கட்டாது, காத்தடிச்சா ஸ்டைரீன் பறந்துடும், ரெண்டுலயும் மேல பிசுபிசுப்பு தங்கும். பிரஷ்ல தாராளமா எடுத்து ஒரே திசையில ஒரே தடவை, அவ்வளவுதான், அழகு பண்றேன்னு திரும்பத் திரும்ப இழுத்தா மேல வர்ற மெழுகைக் கலைச்சு விடறோம். கொஞ்சம் பிரஷ் கோடு தெரியும், தெரியட்டும். கனம் 0.4 மில்லி பக்கம், ஈரப் பூச்சோட கனத்த அளக்கற கேஜ் சீப்பு வெச்சு அங்கங்க குத்திப் பார்த்துக்கிட்டே போனோம், அரை மில்லிக்கு மேல போக விடல.

கதவுல வேலை வரிசை முக்கியம். துருப்பிடிச்ச பிளேட்டை மொத்தமா வெட்டி எடுத்தாச்சு, அதுக்கு பதிலா எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத ஸ்டீல் பிளேட். பாலியெஸ்டர் இரும்பையோ எஸ்எஸ்ஸையோ சரியா பிடிக்காது, எபாக்ஸி பிடிக்கும். அதே சமயம் எபாக்ஸி மேல பாலியெஸ்டர் போட்டா ஒட்டாது, சில சமயம் காயவும் காயாது, ஆனா பாலியெஸ்டர் மேல எபாக்ஸி நல்லா ஒட்டும். அதனால கதவுக்குள்ள பாலியெஸ்டர் வேலை, மேட்டு, டிஷ்யூ, ஃப்ளோகோட் எல்லாத்தையும் முதல்ல முடிச்சு, பிளேட் உட்கார்ற இடத்துல மட்டும் ஃப்ளோகோட் போடாம டேப் ஒட்டி விட்டு வெச்சு, கடைசியா அந்த இடத்த 40 நம்பர்ல கீறி எபாக்ஸி கூழ்ல பிளேட்டை உட்கார வெச்சு, அதுமேல கண்ணாடித் துணியும் எபாக்ஸியும். இதத் தலைகீழா பண்ணிருந்தா கதவு மறுபடி பிளந்திருக்கும்.

அடியில தண்ணி ஓட்டைங்கள திறந்து, ஒவ்வொரு ஓட்டையோட அறுபட்ட ஓரத்தையும் சின்ன பிரஷ்ல ரெசின் தொட்டு மூடினோம். அறுபட்ட ஓரம்தான் தண்ணி நேரா நாருக்குள்ள போற வாசல், ஸ்பீக்கருக்கு ஓட்டை போட்டாலும், கண்ணாடி மாட்ட ஓட்டை போட்டாலும், ஓரத்த மூடாம விடக் கூடாது. ஃப்ளோகோட் வழிஞ்சு ஓட்டைய அடைக்காம இருக்க ஐஸ்குச்சி சொருகி வெச்சு காஞ்சப்புறம் உருவினோம்.

மட்கார்டு உள்பக்கம் கல்லு பட்ட இடமெல்லாம் கீறி 450 ஜிஎஸ்எம் மேட்டு ஒரு லேயர் முழுசா, அதுமேல டிஷ்யூ, ஃப்ளோகோட், காஞ்சப்புறம் மெழுகைத் துடைச்சு 80ல தேய்ச்சு ரப்பர் ஸ்டோன்கார்டு. மெழுகைத் துடைக்காம தேய்ச்சா மெழுகு கீறலுக்குள்ள போயிடும், மேல எதுவும் பிடிக்காது, துடைக்கறது முதல்ல, தேய்க்கறது அப்புறம். பின்னாடி பலம் குடுத்த பிறகுதான் வெளிய நட்சத்திர விரிசலைத் தொட்டோம், ஒவ்வொரு காலையும் விரிசல் முடியற வரைக்கும் வி வடிவத்துல திறந்து ஜெல்கோட்டால நிரப்பி தேய்ச்சது. பானட்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேல மட்டும் அலுமினிய ஹீட் ஷீட் ஒட்டினோம், ரெசினுக்கு தொடர்ந்து அந்தச் சூடு ஆகாது.

கோயம்புத்தூருல இந்த மாதிரி வேலைக்குக் கை கிடைக்குதுன்னா அதுக்கு ரேஸ் வண்டிகளும் ஒரு காரணம்னு நான் நம்பறேன், 1980-கள் கடைசில ரேஸ் ஓட்டுநரும் வண்டி வடிவமைப்பாளருமான கரிவரதன் மாருதி என்ஜின் வெச்சு ஃபார்முலா மாருதி வண்டிகளச் செஞ்ச ஊரு இது. ரேஸ் வண்டிக்காரங்க கிராம் கணக்கு பார்ப்பாங்க, உள்பக்கம் பட்டி போட்டுக் கொண்டு போனா திருப்பி அனுப்பிடுவாங்க. ரோட்டு வண்டிக்கும் அந்தக் கண்டிப்பு வேணும்.

இப்ப எப்படி இருக்கு

வெளிப்பக்கத்துக்கு அவசரமா பெயிண்ட் அடிக்கல. பானட்டை அதோட கீல்லயே மாட்டி, பிரைமர் மட்டும் அடிச்சு, சித்திரை வெயில் முழுக்க ஓட்டச் சொன்னோம். வண்டிக்காரருக்கு பிரைமரோட ஊர் சுத்தறது பிடிக்கல, ஆனா சுருங்க வேண்டியது பெயிண்ட்டுக்கு முன்னாடியே சுருங்கி முடியணும்னு சொன்னதுக்கு ஒத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் பிரைமரை பிளாக் வெச்சு தேய்ச்சப்போ அங்கங்க லேசா பாய் டிசைன் இறங்கினது தெரிஞ்சுது, அத சமமாக்கி அப்புறம் பெயிண்ட். கறுப்பு கேட்டாரு, வெள்ளை பக்கம் போங்கன்னு சொல்லி கிரீம் கலருக்கு கொண்டு வந்தோம், கறுப்பு வெயில்ல எவ்வளவு சூடாகும்னு சொல்லத் தேவையில்ல, சூடுதான் டிசைனைத் திரும்பக் கூப்பிடும்.

ஐப்பசி மழை முடிஞ்சு வண்டி திரும்ப வந்தப்போ எல்லாத்தையும் கழட்டிப் பார்த்தோம். கதவுல அதே பாலிதீன் ஷீட் டெஸ்ட், உள்ள வேர்க்கல. கீல் இறுக்கம் போட்ட மாதிரியே இருக்கு. மட்கார்டு உள்ள ரப்பர்ல கல்லு குத்தின குழி நிறைய, வெளிய ஒரு விரிசலும் புதுசா இல்ல. பானட் அடியில கார்பரேட்டருக்கு மேல கிரே லேசா மஞ்சள் அடிச்சிருக்கு, அசிட்டோன்ல தேய்ச்சா இளகல, கறை மட்டும்தான். வெளிப்பக்கம் டியூப்லைட் கோடு பானட் மேல நேரா விழுது, அலை இல்ல.

பாக்கி இருக்கறது டிக்கி தரை. ஸ்டெப்னி உட்கார்ற குழியில நார் பச்சையாத்தான் இருக்கு, அங்க போல்ட் உரசி ஓட்டை பெருசாயிருக்கு. அதுக்கு டிஷ்யூ பத்தாது, ரெண்டு லேயர் 450 மேட்டு போட்டு போல்ட்டுக்கு எஸ்எஸ் வாஷர் பிளேட் வைக்கணும்னு எழுதிக் குடுத்திருக்கோம், தை பொறந்து ஈரம் குறைஞ்சதும் வண்டி வரும்.